பியாட்றிஸ் அக்காவுக்கு வாசிக்கப்படாத அறிவித்தல்

மேடையில் வீற்றிருக்கும் ஊரொலி பண்பலையின் நிர்வாக சபைத் தலைவர் பரமலிங்கம் மாஸ்ரர் அவர்களே, சபை உறுப்பினர்களே, போதகர் ஐயா அவர்களே, இந்தக் கொடிகாமத்து வாசிகசாலை மண்டபத்தின் வாங்குகளில் நெருக்கியடித்து இருப்பவர்களே, இடமில்லாமல் வெளியே சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்று கேட்பவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. எனக்கு மேடையில் பேச வராது. அதனால் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். எழுதியதற்கும் மன்னிக்க வேண்டும். இரங்கல் உரை எழுதுவதற்கு என்னைவிட வயதும் தகுதியும் உள்ளவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறார்கள். நான் தலை நிமிராமல் வாசிப்பதை மரியாதைக் குறைவு என்று எடுக்க வேண்டாம். நிமிர்ந்தால் குரல் போய்விடும் என்பதுதான் காரணம்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் அருந்ததி. சந்தையில் தேங்காய் உரிக்கும் பஞ்சலிங்கத்தின் மகள். ஊரொலியில் செய்தியும் உரைச்சித்திரமும் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் என்று போன வருடம் இதே மேடையில் எனக்கு மாலை போட்டீர்கள். நாலு வார்த்தை பேசு பிள்ளை என்றீர்கள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கி ஓடினேன். மிச்சம் மூன்று வார்த்தையையும் வைத்திருந்தேன். இன்று அவற்றைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் எனக்கு முன் பேசியவர்களைக் கேட்ட பிறகு மூன்று வார்த்தை போதாது என்று தெரிகிறது.

எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னீர்கள். உறுதுணை! இதோ எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் சீலையிலும் அதே சொல்தான்: "ஊரொலி பண்பலையின் உறுதுணையாளர், அமரர் செல்வி பியாட்றிஸ் கிருபைரட்ணம்." உறுதுணை என்றால் என்ன? தூணுக்குப் பக்கத்தில் ஊன்றிய கம்பு. தூண் நிற்கும்போது கம்பும் நிற்கும். கம்பை எடுத்தாலும் தூண் நிற்கும். அப்படியா? பியாட்றிஸ் அக்கா கம்பா? கிணற்றுக்குத் தண்ணீர் உறுதுணையா? கத்திக்கு அதன் கூர் உறுதுணையா? வானொலிக்குக் குரல் உறுதுணையா?

அவர் ஊரொலியின் அறிவிப்பாளர். முதலாவது அறிவிப்பாளர். அந்தச் சொல்லைச் சீலையில் எழுதினால் மை கூடச் செலவாகியிருக்குமா?

இந்த நிலையத்தின் கதையைத் தலைவர் அழகாகச் சொன்னார். அனுமதி எடுத்த விதம், தென்னை உச்சியில் கம்பி கட்டிய விதம் எல்லாம் சரியாகவே சொன்னார். ஆனால் அந்தக் கதையில் ஓர் ஆள் இல்லை. அந்த ஆளை மட்டும் நான் உள்ளே வைத்துவிட்டுப் போகிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை திரும்பத் தொடங்கியதோடு மின்சாரம் போனது. பற்றறி தடை. மண்ணெண்ணெய் தடை. பழைய றேடியோக்கள் வீட்டு அலுமாரிகளில் படுத்துக்கிடந்தன. அடுத்த வருடம் நம்முடைய வின்சன்ற் அண்ணை, சந்தைக்குப் பின்னால் றேடியோ திருத்துகிறவர், செத்த றேடியோக்களின் வயிற்றிலிருந்து எடுத்த சாமான்களை வைத்து ஓர் ஒலிபரப்பியைச் செய்தார். பரமலிங்கம் மாஸ்ரர் தன் வீட்டுத் தெருப்பக்க அறையைக் கொடுத்தார். ஒரு கார் பற்றறியில் ஊரொலி பேசத் தொடங்கியது. மீசாலை கேட்டது, மிருசுவில் கேட்டது, நல்ல நாளில் பளையும் கேட்டது. இவ்வளவும் உண்மை.

அந்த முதல் நாள் மாஸ்ரர் "வானொலியும் சமுதாயமும்" என்று உரையாற்றினார். நீண்ட உரை. மறுநாள் காலையில் கூட்டுறவுக் கடை முகாமையாளர் ஒருவர் கடையைத் திறக்காமல் நேரே நிலைய வாசலில் வந்து நின்றார். அவர்தான் பியாட்றிஸ் அக்கா. வாழ்த்த வந்தார் என்று நினைத்து மாஸ்ரர் கதிரை போட்டாராம். வின்சன்ற் அண்ணை எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"மாஸ்ரர், உங்கடை பேச்சு நல்ல பேச்சுத்தான். ஆனா முடிவு என்னெண்டு எங்கடை ஒழுங்கையிலை ஒருத்தருக்கும் தெரியாது."

"ஏன் பிள்ளை, சத்தம் காணாதோ?"

"சத்தம் காணும். கைதான் காணாது. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையாலை சுத்தி, டைனமோவிலைதானே கேக்கிறம்? 'ஆகவே'க்கும் 'எனவே'க்கும் இடையிலை நாலு பேருக்குக் கை விட்டுப்போச்சு. நீங்கள் ஒருக்கால் சுத்திப் பாத்திட்டு வந்து எழுதுங்கோ."

முறைப்பாடு சொல்ல வந்தவர் அப்படியே ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்துவிட்டார். யாரும் அவரை நியமிக்கவில்லை. யாரும் அவருக்கு மாலை போடவில்லை. கடை மூடிய பிறகு மாலையில் வருவார், வாசிப்பார், போவார். அடக்கமான பெண் என்று ஒருவர் சற்று முன் புகழ்ந்தார். மன்னிக்க வேண்டும், அவர் அடக்கமானவர் அல்லர். தன் பெயருக்கு முன்னால் "நிலைய அறிவிப்பாளர்" என்று சொல்லாவிட்டால் அடுத்த வரியை வாசிக்க மாட்டார். நான் எழுதிக் கொடுக்கும் வசனங்களை விரலால் அளந்து பார்த்து, "அருந்ததி, உந்த வசனம் மிருசுவிலுக்குப் போறதுக்குள்ளை ஒருத்தன்ரை தோள்மூட்டு கழண்டிடும். வெட்டு" என்பார். வெட்டுவேன். கோபமும் வரும். ஆனால் வெட்டுவேன்.

ஊரொலி எதற்காகக் கேட்கப்பட்டது? நான் எழுதிய உரைச்சித்திரத்துக்காகவா? இல்லை. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மரண அறிவித்தலுக்காக. தபால் ஒழுங்கில்லை, தொலைபேசி இல்லை, பஸ் இல்லை. பக்கத்து ஊரில் தாய்மாமன் செத்தால் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு தெரியவந்த காலம். அந்தக் காலத்தில் மாலையில் ஒரு குரல் வந்து, இன்னார் காலமானார், இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் பாசமிகு தந்தை, இறுதிக்கிரியை நாளைக்கு, இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும் என்று சொன்னது. செத்த வீட்டுக்குச் சனம் போகத் தொடங்கியது. நாங்கள் மறுபடியும் ஊராக இருந்தோம்.

அதிலும் ஒரு பிழை நடந்தது. மிருசுவிலில் ஒரு வீட்டில், பெயர் வாசிக்கும் கணத்தில் பெடல் சுற்றியவர் கை ஓய்ந்து மற்றவரிடம் கொடுத்தார். அந்த ஒரு மூச்சு நேரம் றேடியோ படுத்துவிட்டது. பெயர் விழுந்துபோனது. திரும்ப எழும்பியபோது வந்தது, "மீசாலையைச் சேர்ந்த, காலஞ்சென்ற பொன்னம்பலத்தின் அன்பு மனைவி" என்பது மட்டும். மீசாலை, பொன்னம்பலம், மனைவி! மீசாலையில் இருந்த அவர்களுடைய மாமிக்கு எல்லாம் பொருந்தியது. மறுநாள் விடியக் குடும்பமே தலைவிரி கோலமாக, அரிசி மரக்கறியோடு மீசாலைக்குப் போய், படலையில் நின்று ஒப்பாரி வைத்தது. படலையைத் திறந்தது மாமி.

"என்னடி இது? ஆர் செத்தது?"

"நீங்கள்தான் மாமி!"

"அப்பிடியெண்டா கொண்டுவந்த அரிசியை இறக்கிப்போட்டு அழுங்கோ. நானும் சாப்பிட்டிட்டுச் சாகிறன்."

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். பியாட்றிஸ் அக்காவும் சிரித்தார். ஆனால் அன்று மாலை ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்தபோது ஒரு புதுக் காரியம் செய்தார். பெயரை ஒரு தடவை வாசித்தார். நிறுத்தினார். பிறகு, வீட்டில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல, "கை மாத்துங்கோ" என்றார். பொறுத்தார். பிறகு அதே பெயரை மறுபடியும் வாசித்தார்.

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்தான். அன்றிலிருந்து ஒரு பெயரும் விழவில்லை!

அந்தச் சொல் எங்கெங்கே போனது என்று உங்களுக்குத் தெரியும். சந்தையில் மூட்டை இறக்குகிறவர்கள் சொன்னார்கள். கோயிலில் சாமி தூக்குகிறவர்கள் தோள் மாற்றும்போது சொன்னார்கள். பாடை தூக்குகிறவர்களும் சொன்னார்கள். நேயர்கள் அவருடைய பெயரைக்கூட மறந்துவிட்டு "கை மாத்துங்கோ அக்கா" என்றே கூப்பிட்டார்கள்.

அந்த இடைவெளியைப் பற்றி நேயர்களுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பியாட்றிஸ் அக்காவுக்குத் தொய்வு வருத்தம். பெயரை வாசித்து முடிக்கும்போது அவருக்கு மூச்சு இழுக்கும். நீங்கள் கை மாற்றும் நேரத்தில் அவர் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு மூச்செடுப்பார். இரண்டாந்தரம் பெயர் வரும்போது குரல் தெளிவாக இருக்கும். நீங்கள் அங்கே மாற்றினீர்கள், அவர் இங்கே மாற்றினார்.

இந்தச் சொல் நிர்வாக சபைக்குப் பிடிக்கவில்லை. கொச்சைத் தமிழ் என்றார்கள். வானொலிக்கு ஒரு தரம் வேண்டும் என்றார்கள். "கைகளை மாற்றிக்கொள்ளுங்கள்" என்று திருத்திக் கொடுத்தார்கள். அக்கா சரி என்றார். அன்று மாலை, "நேயப் பெருமக்களே, தங்கள் திருக்கரங்களை மாற்றியருள்வீர்களாக" என்று கணீரென்று வாசித்தார். சிரித்ததில் பாதி ஊருக்கு டைனமோ நின்றுபோனதாம். மறுநாள் சபையே, பழையபடி சொல்லித் தொலை என்று விட்டுவிட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துச் சொல்லக்கூடியது. இனிச் சொல்வதை அப்படிச் சொல்ல என்னால் முடியாது.

இங்கே ஒரு காணிச் சண்டையில், உயிரோடு இருந்த ஒருவரை இறந்துவிட்டார் என்று யாரோ பொய் அறிவித்தல் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு சபை ஒரு விதி எழுதியது. இரத்த உறவினர் ஒருவர் நேரில் வந்து கையெழுத்து வைத்தால்தான் மரண அறிவித்தல் வாசிக்கப்படும். பொய்யைத் தடுக்க எழுதிய விதி. தவறில்லை. ஆனால் அப்போதே அக்கா கேட்டார், உறவே இல்லாதவன் செத்தால் என்ன செய்வது என்று. அப்படியொருவர் ஊரில் இல்லை என்றீர்கள்.

ஊரில் இல்லைத்தான். பள்ளிக்கூடத்தில் இருந்தார். வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கியிருந்தவர்களில் செல்வநாயகி என்று ஓர் அம்மா. வரும் வழியில் எல்லோரையும் இழந்தவர். போன ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அக்கா அந்தப் பெயரை எழுதிக்கொண்டு நிலையத்துக்கு வந்தார். அன்று நானும் அறையில் இருந்தேன்.

"ஆர் கையெழுத்து?" என்று கேட்டார் தலைவர்.

"ஒருத்தரும் இல்லை, மாஸ்ரர்."

"அப்ப வாசிக்கேலாது. விதி எண்டால் விதிதான்."

"அவவின்ரை விதி முடிஞ்சுதானே செத்திருக்கிறா? செத்தாப் பிறகும் அவவுக்கு இன்னும் ஒரு விதியோ?"

"பியாட்றிஸ், கதைக்கு இது நல்லாயிருக்கும். ஒருத்தருக்கு விட்டால் பிறகு எல்லாரும் வருவினம்."

"வரட்டும் மாஸ்ரர். செத்தவை தானே, வந்தால் கதிரை கேக்க மாட்டினம்."

தலைவர் எழுந்து போய்விட்டார். ஆறு மணி ஒலிபரப்புத் தொடங்கியது. அக்கா வாசித்தார். "செல்வநாயகி அவர்கள் காலமானார். கை மாத்துங்கோ. செல்வநாயகி அவர்கள் காலமானார். அன்னாரின் உறவினர், இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற நீங்கள். ஏற்றுக்கொள்ளவும்."

ஏற்றுக்கொண்டீர்களா இல்லையா? நீங்களே சொல்லுங்கள்! மறுநாள் பள்ளிக்கூட முற்றத்தில் சைக்கிள் விட இடமில்லை. பெயர் மட்டும் கேட்டு, முகம் தெரியாத ஒரு மனுசிக்காக மழையில் வந்தீர்கள். மீசாலையிலிருந்து வந்த சிவக்கொழுந்து ஐயா, "எனக்கு அம்மாவுக்குக் கொள்ளி வைக்கக் குடுத்துவைக்கேல்லை. இதை நான் செய்யட்டோ?" என்று கேட்டு, அவரே கொள்ளி வைத்தார். இந்த நிலையம் தொடங்கிய நாளிலிருந்து இதைவிடப் பெரிய ஒலிபரப்பு ஒன்றைச் செய்திருக்கிறதா?

அதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு என்ன? ஒழுங்கு நடவடிக்கை! ஒலிவாங்கிக்கு முன்னால் இனி இருக்கக்கூடாது. "கை மாத்துங்கோ" என்ற சொல் இனிச் சொல்லப்படக்கூடாது. பெயர்கள் ஒரு தடவை மட்டும் வாசிக்கப்படும். அந்த இடத்துக்குக் குணலட்சுமி வந்தார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல குரல். கொடுத்ததை வாசிக்கிறார். அவரிடம் இரண்டாந்தரம் வாசி என்று யாரும் சொல்லவில்லை.

அக்கா சண்டை போடவில்லை. இது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒருநாள் மாலை அவருடைய வீட்டுக்குப் போனேன். தன்னை விலக்கிய வானொலியை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கவிழ்த்து வைத்த சைக்கிளுக்குப் பக்கத்தில் பலகைக் கட்டையில் இருந்து, ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தார். மூச்சு விசில் அடித்தது. என்னைக் கண்டதும், "நல்ல நேரம் வந்தாய். கை மாத்து" என்றார். நான் சுற்றினேன். அவர் மரண அறிவித்தல்களைக் கேட்டார். முடிந்ததும் கேட்டார், "முதலாவதாய் வாசிச்சது ஆர்? எனக்குக் கை விட்டுப்போச்சு. பேர் விழுந்திட்டுது."

ஊர் முழுவதற்கும் கை மாற்றச் சொன்ன மனுசி! அவருடைய வீட்டில் கை மாற்ற இரண்டாவது ஆள் இல்லை.

தை மாதப் பனியில் தொய்வு இறுக்கிப் பிடித்தது. வின்சன்ற் அண்ணை சைக்கிள் கரியரில் இருத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினேன். மருத்துவர்கள் ஓடித் திரிந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மருந்து இல்லை. கப்பலில் வரவேண்டியது வரவில்லை. மூச்சு விடுவதற்கு ஒரு மருந்து, அதுவும் யுத்தப் பொருளா? நாற்பத்தைந்து வயதுப் பெண்ணின் நெஞ்சுக்குள் போகும் காற்றுக்கு எந்தக் கொழும்பு அதிகாரி அனுமதி எழுத வேண்டும்? இந்தக் கேள்வியை நான் எழுதலாம். வாசிக்கலாம். நீங்கள் கைதட்டலாம். கொழும்புக்குக் கேட்காது. நம்முடைய தென்னை உச்சிக் கம்பி அவ்வளவு தூரம் போகாது.

ஆகவே, போகும் தூரத்துக்குள் இருக்கிற ஒரு கேள்வியைக் கேட்கிறேன்.

அக்கா இறந்த அடுத்த நாள் காலை மரண அறிவித்தலை எழுதிக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். தலைவர் என்னை இருக்கச் சொன்னார். தேத்தண்ணி தந்தார். கண் கலங்கியிருந்தார், பொய் சொல்ல மாட்டேன். பிறகு கேட்டார்.

"பிள்ளை, எனக்கும் கவலைதான். ஆனா நீங்கள் அவவுக்கு என்ன முறை?"

"முறை ஒண்டும் இல்லை ஐயா."

"லயனல் ஒரு கையெழுத்து வைச்சால் காணும்."

லயனல் அவருடைய ஒரே தம்பி. கனடாவில். கடிதம் போய்த் திரும்பி வர மாம்பழக் காலம் வந்துவிடும். அதுவரை பிணம் காத்திருக்குமா? நான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தேன். அன்று சொல்லாததைத்தான் இன்று சொல்கிறேன்.

அறிவித்தல் வாசிக்கப்படவில்லை! மூன்று வருடமாக இந்தப் பகுதியில் செத்தவர்களின் பெயரையெல்லாம் இரண்டு தடவை வாசித்த மனுசியின் பெயர் ஒரு தடவைகூட வாசிக்கப்படவில்லை! அந்த மாலை குணலட்சுமி சந்தை விலை வாசித்தார். வெண்டிக்காய் என்ன விலை என்று ஊருக்குத் தெரிந்தது. பியாட்றிஸ் அக்கா செத்தது தெரியவில்லை.

அடக்கத்துக்கு வந்தவர்களை ஒரு வாங்கில் இருத்தியிருக்கலாம். போதகர் ஐயா, நீங்கள் அறிவீர்கள். பெட்டியைத் தூக்கியவர்களுக்கு இடையில் தோள் மாற்ற ஆள் காணாமல் குழி வெட்டியவர்களையே கூப்பிட்டோம்.

இந்தக் கூட்டமும் வானொலியில் சொல்லப்படவில்லை. சந்தைச் சுவரில் ஒட்டியிருந்தது. சந்தைக்கு வருகிறவர்கள் வந்திருக்கிறீர்கள். மற்றவர்களுக்கு என்ன தெரியும்? சொல்கிறேன். போன கிழமை பளையிலிருந்து வெற்றிலை கொண்டுவருகிற பாலேஸ்வரி அக்கா என் அப்பாவுக்குப் பக்கத்தில் கடகத்தை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"பிள்ளை, நீர் றேடியோவிலை வேலையெல்லே? உங்கடை அந்தக் 'கை மாத்துங்கோ' அக்கா கனடாவுக்குப் போட்டாவாமே?"

"ஆர் சொன்னது?"

"எல்லாரும் கதைக்கினம். தம்பி கூப்பிட்டிட்டானாம். போகட்டும், நல்லாயிருக்கட்டும். எண்டாலும் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போயிருக்கலாம். என்ரை மனிசன்ரை செத்தவீட்டைச் சொன்ன வாய். எங்களை விட்டிட்டு ஓடுற ஆள் எண்டு நான் நினைக்கேல்லை."

கேட்டீர்களா? பளையில் இன்றைக்கும் அவர் மேல் கோபமாக இருக்கிறார்கள். எங்கேயோ குளிர் நாட்டில் மின்விளக்கின் கீழ் சுகமாக இருக்கிறார் என்று நினைத்து, அவர் விட்டுப்போன வானொலியைக் கையால் சுற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். விட்டுப்போனவள்! ஓடிப்போனவள்! கடைசி நாள்வரை இந்த ஊரின் சாவுகளைத் தன் மூச்சைச் செலவழித்துக் கேட்ட பெண்ணுக்கு நாம் வாங்கிக் கொடுத்த பெயர் இது! பாலேஸ்வரி அக்காவுக்கு நான் அந்த இடத்திலேயே உண்மையைச் சொன்னேன். அவர் கடகத்தைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். ஒருவருக்குச் சொன்னேன். மற்றவர்களுக்கு யார் சொல்வது? வீடு வீடாகப் போய் நான் சொல்வதா? அதற்குத்தானே நாங்கள் ஒரு வானொலி வைத்திருக்கிறோம்?

இந்த இடத்தில் நேரம் முடிந்தது என்று மணி அடிப்பீர்கள் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். அடியுங்கள். மிச்சம் கொஞ்சந்தான்.

பரமலிங்கம் மாஸ்ரர் கெட்டவர் அல்லர். கெட்டவராக இருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது. சொந்த வீட்டின் அறையை ஊருக்குக் கொடுத்தவர். இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு இன்றும் இலவசமாகப் படிப்பிக்கிறவர். எனக்கும் படிப்பித்தவர். ஐயா, உங்களிடம் படித்துத்தான் நான் வசனம் எழுதக் கற்றேன். அந்த வசனத்தாலேயே கேட்கிறேன். பொய்யான சாவைத் தடுக்க எழுதிய விதி, உண்மையான சாவைத் தடுத்தால் அதற்குப் பெயர் என்ன? இரத்த உறவு வேண்டும் என்கிறீர்கள். ஊரொலியின் வயிற்றில் ஓடியது யாருடைய இரத்தம்? வின்சன்ற் அண்ணை அடக்கம் முடிந்து வரும் வழியில் ஒன்று சொன்னார்: "பிள்ளை, நான் குடுத்தது கம்பி. மாஸ்ரர் குடுத்தது அறை. உயிர் அவ குடுத்தது. கம்பியையும் அறையையும் வைச்சுக்கொண்டு இப்ப நாங்கள் விதி கதைக்கிறம்."

இரங்கல் கூட்டத்தில் உறுதிமொழி எடுப்பது வழக்கம். எனக்கு முன் பேசியவர்கள், அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்றார்கள். எந்தப் பணியை? சொல்லாமல் விட்டுவிட்டார்கள். நான் சொல்கிறேன். ஊரொலியில் எழுதுகிற நான், இனி எழுதும் எந்த மரண அறிவித்தலிலும் பெயரை இரண்டு தடவை எழுதுவேன். வாசிக்க மாட்டேன் என்று குணலட்சுமி சொல்ல மாட்டார்; நேற்று அவரிடம் கேட்டேன், தலையசைத்தார். பள்ளிக்கூடத்தில் இருப்பவர்களானாலும், வீதியில் கிடந்தவர்களானாலும், உறவு இல்லாதவர்களின் பெயரும் வாசிக்கப்பட வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் உறவினர். கையெழுத்துத்தான் வேண்டுமென்றால், வெளியே சைக்கிளோடு நிற்கிறவர்கள் எத்தனை பேர் என்று எட்டிப் பாருங்கள். எல்லோருக்கும் கையெழுத்து வைக்கத் தெரியும். தெரியாத என் அப்பா பெருவிரலை வைப்பார்.

முடிவாக ஒரு வேண்டுகோள். இதைத் தொடக்கத்திலேயே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் மிச்சத்தைச் சொல்லும் துணிவு எனக்கு வந்திராது. அதனால் கடைசிவரை வைத்திருந்தேன்.

கூட்டம் முடிந்ததும் ஆறு மணி ஒலிபரப்புத் தொடங்கும். நிலையம் இங்கிருந்து கூப்பிடு தூரம். இன்றைய ஒலிபரப்பு பியாட்றிஸ் அக்காவின் அறிவித்தலோடு தொடங்க வேண்டும். அறிவித்தல் இதுதான்:

"கொடிகாமத்தைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட, ஊரொலி பண்பலையின் அறிவிப்பாளர் செல்வி பியாட்றிஸ் கிருபைரட்ணம் அவர்கள் தை மாதம் காலமானார். அன்னார் காலஞ்சென்றவர்களான கிருபைரட்ணம், மியூரியல் தம்பதிகளின் அன்பு மகளும், லயனலின் பாசமிகு அக்காவும், இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற உங்களின் உறவினரும் ஆவார். அவர் கனடாவுக்குப் போகவில்லை. உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

இதை நான் வாசிக்கலாம். குணலட்சுமி என்னைவிட நன்றாக வாசிப்பார். ஆனால் நாங்கள் இருவரும் வாசிக்க வேண்டாம்.

தலைவர் ஐயா, இதை நீங்கள் வாசிக்க வேண்டும். உங்கள் குரலில். பெயரை ஒரு தடவை வாசியுங்கள். நிறுத்துங்கள். பிறகு அந்தச் சொல்லைச் சொல்லுங்கள். அது தூய தமிழ் இல்லைத்தான். ஆனாலும் சொல்லுங்கள். "கை மாத்துங்கோ." சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள், ஐயா. அவசரப்பட வேண்டாம். பளையில் யாரோ ஒருவர் கை மாற்றிக்கொண்டிருப்பார்.

பிறகு பெயரை மறுபடியும் வாசியுங்கள்.